சோளம் என்கிற பூனைக்கு மூத்திரம் அடைத்த புரட்டாசி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எங்கே பெரிய ற போட வேண்டும், எங்கே சின்ன ர போட வேண்டும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கமிஷன் கிடங்கில் மக்காச்சோள மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் வாய் தைக்கிற வேலை. மூட்டையின் மேல் பெயர் எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். தப்பிருந்தால் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூரில் எங்கள் பூனைக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா கேட்டதால்தான் எழுதுகிறேன். "இங்க வர்றவங்க பாதிப் பேரு நடந்தத நடந்தபடி சொல்றதில்லீங்கய்யா. நீங்க எழுதிக் குடுங்க. வெளியில காத்திருக்கவங்க படிக்கட்டும்" என்றார். எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. எழுதுவது அதைவிடக் கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை.

பூனையின் பெயர் சோளம். கடுவன், நான்கு வயது. கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் பிறந்தது, நிறமும் மக்காச்சோள நிறம், அதனால் அந்தப் பெயர். காலையில் என் பின்னாலேயே கிடங்குக்கு வரும், மத்தியானம் தானாக வீட்டுக்குப் போய்விடும். எலி பிடிப்பதால் முதலாளியும் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவி கொளஞ்சிக்கு அரியலூரில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் புண் ஆறாமல் ஒன்றரை மாதம் படுக்கை. விக்கிரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். நான் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பகல் முழுதும் கொளஞ்சியின் காலடியில் கிடந்தது இந்தப் பூனைதான். அவள் அதனிடம் பேசிப் பேசித்தான் எழுந்து உட்கார்ந்தாள் என்று நான் நினைக்கிறேன்.

அப்போது அவள் பெருமாளுக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள். எழுந்து நடமாடினால், புரட்டாசி சனிக்கிழமை ஒவ்வொன்றும் ஒரு பொழுது மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பதாகவும், அந்த மாதம் முழுதும் வீட்டு வாசற்படியைத் தாண்டிக் கவிச்சி வராது என்றும். நடமாடினாள். விரதமும் தவறாமல் இருந்தாள்.

பூனைக்கு விரதம் தெரியுமா. இந்த வருடம் புரட்டாசி பிறந்ததும் அதற்கும் பால், தயிர்ச்சோறு என்று வைத்தாள். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இரண்டு நாள் பார்த்தேன். பிறகு சந்தையில் முன்பே வாங்கியிருந்த நெத்திலிக் கருவாட்டை ஒரு டப்பாவில் போட்டுக் கிடங்கில் நூல்கண்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். காலையில் ஒரு பிடி, மத்தியானம் அது வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு பிடி. சமைக்க வேண்டாம், வாசனை வீட்டுக்கு வராது. கருவாடு எங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை, அதனால் வேண்டுதலும் கெடவில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கொளஞ்சியிடம் மட்டும் சொல்லவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை முடிந்து ஞாயிற்றுக்கிழமை அவள்தான் முதலில் கவனித்தாள். "ஏங்க, இது மண்ண மண்ணப் பறண்டிட்டு குந்துது, ஒண்ணுமே வரல" என்றாள். மலச்சிக்கல் என்று நினைத்து அரைக் கரண்டி விளக்கெண்ணெய் புகட்டினேன். இதைப் படிக்கிறவர்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்தி, கத்தி, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் மூத்திரம் அடைத்த வேதனை. ஒரு நாள் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை அது குந்திய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் காட்டினேன். அங்கே இருந்த டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்த உடனே, "பூனைக்குப் போடுற சின்னக் குழாய் எங்ககிட்ட இல்ல. நிக்காம பெரம்பலூர் போங்க" என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். பிளாஸ்டிக் கூடையில் வைத்து, மேலே வெங்காய வலைச்சாக்கைக் கட்டி, பஸ் ஏறினேன். கண்டக்டர் கூடைக்குள் குனிந்து பார்த்து, "இவரு எங்க எறங்குறாரு?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வெளியே ஒரு பெஞ்சு, அதில் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் எங்கள் தெரு ராமசாமி அண்ணன். சனிக்கிழமை பஜனையில் முன்னால் நின்று பாடுகிறவர். பேத்தியின் நாய்க்குட்டிக்கு ஊசி போட வந்திருந்தார்.

"என்னப்பா, பூனைக்கு ஆஸ்பத்திரியா? மூட்ட தைக்கிறதுல இவ்ளோ வருமானம்னு தெரியாமப் போச்சே."

"அது ஒண்ணுக்குப் போவலண்ணே."

"எனக்குந்தான் சரியாப் போவல. என்னக் கூட்டியாந்தியா?"

டாக்டரம்மா பூனையின் நிலையைப் பார்த்ததும் முறை பார்க்காமல் எங்களை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. என் கையைப் பிடித்துப் பூனையின் அடிவயிற்றில் வைத்துக் காட்டினார். உள்ளே உருண்டையாக, கல் போல் இறுகி இருந்தது. அதுதான் மூத்திரப்பை. கடுவனுக்கு மூத்திரம் வரும் வழி மிகவும் குறுகலாம். மூத்திரம் கெட்டியாகும்போது உப்புகள் பொடிப்பொடியாகத் திரண்டு, சளி போன்ற அழுக்கோடு சேர்ந்து அந்த வழியை அடைத்துவிடுமாம். பெட்டைக்கு வழி அகலம் என்பதால் இந்த அளவுக்கு ஆகாதாம்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சைப் பார்த்தேன். ராமசாமி அண்ணன் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தயிர்ச்சோறுங்கம்மா. பாலு" என்றேன்.

"அவங்க வூட்ல புரட்டாசியில கவிச்சி மூச்சே கெடையாதும்மா" என்று அண்ணன் வெளியிலிருந்து சேர்த்துச் சொன்னார். "அந்தப் பொண்ணு அவ்ளோ சுத்தமா வெரதம் இருக்கும்."

அதற்குப் பிறகு என்னால் எதையும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

மயக்க ஊசி போட்டு, ஈர்க்குச்சியைவிட மெல்லிய குழாயை அந்த வழியில் செலுத்தி, உப்புத் தண்ணீர் அடித்து அடைப்பைத் தள்ளினார். சிவப்பாக மூத்திரம் வந்தது. ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். உடைந்த கண்ணாடிச் சில்லுகள் ஒரு கூட்டமாகக் கிடந்தன. இவையெல்லாம் அந்தச் சின்ன உடம்புக்குள் இருந்தனவா என்று மறுபடியும் குனிந்து பார்த்தேன்.

இரண்டு நாள் குழாயோடு அங்கேயே வைத்திருந்தார்கள். பகலெல்லாம் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குளுக்கோஸ் பாட்டில் சொட்டுவதையும், கீழே பையில் மூத்திரம் சேர்வதையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் வேலை. முதலாளி போனில், "மூட்டையெல்லாம் வாயப் பொளந்துட்டுக் கெடக்குது, நீ அங்க என்ன பண்ற?" என்றார். கூலி போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றி நிதானமாகச் சொன்னார். பூனை கறியும் மீனும் தின்கிற பிராணி. தயிர்ச்சோறு அதற்குச் சாப்பாடே இல்லை. காய்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. இந்த நோய்க்கென்றே குழம்பு பதத்தில் பாக்கெட் வருகிறது, இப்போதைக்கு அதுதான் முக்கியம். ஈரமாகத் தின்றால் உடம்புக்குள் தண்ணீர் போகும், மூத்திரம் நீர்த்து வரும், உப்பு திரளாது. தின்னாவிட்டால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும், பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலே கெட்டுவிடும்.

"இதுல கறி இருக்குங்களே, புரட்டாசியாச்சே" என்றேன்.

"பூனைக்கு ஏதுங்கய்யா புரட்டாசி" என்றார்.

பாக்கெட்டை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கிடங்கிலேயே வைத்துப் பிரித்தேன். சோளம் திரும்பியும் பார்க்கவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அப்படியே. போன் நம்பர் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நாலு தடவை எடுத்தேன். படித்த பெண்ணிடம் போனில் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு தடவையும் உள்ளே வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை பூனை மூட்டை மேல் ஏற முடியாமல் சரிந்து விழுந்தது. பட்டினியாலேயே செத்துவிடும் என்று பயந்து கருவாட்டு டப்பாவைத் திறந்தேன். மூன்று தண்ணீரில் அலசினேன். உப்பு போய்விடும் என்பது என் கணக்கு. ஆவலாகத் தின்றது. சந்தோஷத்தில் இன்னொரு பிடி வைத்தேன். ஞாயிறும் வைத்தேன்.

சனிக்கிழமை விரதம் முடித்து மாவிளக்கு ஏற்றியிருந்த கொளஞ்சி, ஞாயிறு சாயங்காலம், "ரெண்டு நாளா எப்புடித் தெளிஞ்சிருக்குது பாருங்க. எல்லாம் பெருமாளு" என்று சொன்னாள்.

திங்கட்கிழமை மறுபடியும் அடைத்தது. இந்த முறை கத்தவில்லை. காது, பாதம் எல்லாம் சில்லென்றிருந்தன. மஞ்சளாக வாந்தி எடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டது. கொளஞ்சி தன் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளும் பஸ் ஏறினாள். எந்தக் கண்டக்டரும் எதுவும் கேட்கவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு, சிறுநீரகம் கழிவை வெளியேற்றாமல் தேக்கினால் அது ஏறும். அது ஏறியிருந்தது. பொட்டாசியமும் ஏறியிருந்தது. மூத்திரம் வெளியே போகாவிட்டால் அந்தச் சத்து ரத்தத்தில் கூடிக்கொண்டே போய் இதயத்தையே நிறுத்திவிடுமாம். முதலில் அதற்கு ஊசி போட்டுவிட்டுத்தான் குழாய் போட்டார்கள். குழாய் உள்ளே போவதற்கு வெகுநேரம் பிடித்தது.

கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"நான் சொன்ன சாப்பாடு குடுத்தும் ஒரே வாரத்துல திரும்ப அடைக்குதுன்னா இது நல்லதுக்கில்லீங்க. ஒடம்பு கொஞ்சம் தேறினதும் தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஒண்ணுக்குப் போற குறுகலான நுனிய வெட்டி எடுத்துட்டு, வழிய அகலப்படுத்துற ஆபரேஷன். இது இருக்கிற நெலமைக்குத் தாங்குமான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியல."

"வெட்டணுமாம்மா?" என்று கொளஞ்சி கேட்டாள். அவள் கை தன் அடிவயிற்றில் இருந்தது. "நான் பட்டிருக்கேம்மா. பேசத் தெரிஞ்ச எனக்கே தாங்கல."

"சாப்பாட்டுல எந்தத் தப்பும் இல்லேன்னா வேற வழி இல்லீங்க."

பெஞ்சில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். கொளஞ்சியின் நெற்றியில் சனிக்கிழமை இட்ட நாமத்தின் சுவடு இன்னும் இருப்பது போல எனக்குத் தோன்றியது. நான் பேசாமல் இருந்தால் பூனையை அறுப்பார்கள். பேசினால் அவளுடைய இரண்டு வருட விரதம் என் கையால் கெட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"தப்பு இருக்குங்கம்மா" என்றேன். "தயிர்ச்சோறு அது திங்கவே இல்ல. மாசம் பொறந்ததுலேருந்து கருவாடுதான் குடுத்தேன். நீங்க சொன்ன பாக்கெட்ட அது தொடல. முந்தாநாளும் நேத்தும் கருவாடுதான்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "எவ்ளோ?" என்றார். சொன்னேன். "தண்ணி எவ்ளோ குடிக்குது?" கிடங்கில் தண்ணீர் வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதையும் சொன்னேன். விளக்கெண்ணெயையும் சொன்னேன். கேட்காததையெல்லாம் சொன்னேன்.

"அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப ஆபரேஷனுக்கு அவசரமில்ல. சாப்பாட்ட மாத்திப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். இத மொத நாளே சொல்லிருக்கலாமே, ஐயா. போனாவது பண்ணிருக்கலாமே."

"கூச்சமா இருந்துச்சுங்கம்மா."

கொளஞ்சி என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மாவிடம்தான் கேட்டாள். "எதக் குடுத்தா திங்கும்? எப்புடி ஆக்கணும்? சொல்லுங்க, நான் ஆக்கறேன்."

"பாக்கெட்டுதான் முக்கியம்மா. பழகறதுக்கு மட்டும் எலும்பில்லாத கோழி கொஞ்சம் நல்லா வேக வெச்சு, அந்தத் தண்ணியோட, வெதுவெதுப்பா. மொதல்ல அதுல ஒரு ஸ்பூன் பாக்கெட்டக் கலங்க. நாளுக்கு நாள் பாக்கெட்டக் கூட்டிக் கோழியக் கொறைங்க. வெறும் கோழியிலயே நிறுத்திராதீங்க, அதுல சத்து பத்தாது. உப்பு வேண்டாம். வெங்காயம் கண்டிப்பாப் போடக் கூடாது."

"வெங்காயமுமா?"

"பூனைக்கு அது வெசங்க. ரத்தத்தையே கெடுத்துரும்."

நாங்கள் வெங்காயத்தை வைத்தே வயிறு வளர்க்கிற ஊர்க்காரர்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பஸ் ஏறுவதற்கு முன்னால், "பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒங்ககிட்ட அப்பறமாப் பேசறேன்" என்றாள்.

பூனை வெள்ளிக்கிழமை வரை அங்கே இருந்தது. தினமும் இரண்டு பேரும் போனோம். கொளஞ்சி கூண்டுக் கம்பிக்குள் ஒரு விரலை விட்டு அதன் நெற்றியைத் தடவியபடியே இருப்பாள். தன் ஆபரேஷன் கதையை அதனிடம் மெல்லிய குரலில் சொல்வாள். எனக்குக் காப்பி வாங்கி வந்து பெஞ்சில் வைப்பாள், வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். அந்தக் காப்பியை நான் ஒரு நாளும் சூடாகக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குழாயை எடுத்துவிட்டு, தானாகப் போகிறதா என்று பார்க்க மணல் தட்டை வைத்தார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தோம். பன்னிரண்டு தாண்டிய பிறகு சோளம் எழுந்து, தள்ளாடிப் போய், மணலைக் கிளறிக் குந்தியது. ஈரம் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பரவியது. கொளஞ்சி கூண்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மறுநாள் கடைசி சனிக்கிழமை. எங்கள் ஊரில் கறிக்கடை அந்த மாதம் முழுதும் பூட்டித்தான் கிடக்கும். காலை முதல் பஸ்ஸில் லப்பைக்குடிக்காடு போனேன். கடைக்கார பாய் என் நெற்றியில் இருந்த நாமத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே, இன்னிக்கா?"

முன்பென்றால் ஏதாவது கதை சொல்லியிருப்பேன். "எங்க வூட்டுப் பூனைக்கு ஒடம்பு சரியில்ல பாய். டாக்டரு சொல்லிருக்காங்க. எலும்பில்லாம வேணும்."

"பூனைக்கா? அல்லா ஷிபா குடுக்கட்டும்" என்று சொல்லி, ஜவ்வெல்லாம் எடுத்துச் சுத்தமாக நறுக்கிக் கொடுத்தார்.

நான் வெளியிலேயே மூன்று கல் கூட்டி ஆக்கிவிடுவதாகச் சொன்னேன். கொளஞ்சி பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். தன் அடுப்பில்தான் வைத்தாள். வேகும்போது நான் அடுப்படி வாசலில் நின்றேன். கறியை விரலால் நூல் நூலாகப் பிய்த்து, வெந்த தண்ணீரை ஊற்றி, பாக்கெட்டில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கலந்து, கையில் வைத்து நீட்டினாள். சோளம் மோந்தது. ஒரு வாய் நக்கியது. பிறகு அவள் உள்ளங்கையைச் சுத்தமாக நக்கித் தீர்த்தது. அவள் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்து விளக்கு ஏற்றினாள்.

இப்போது அது பாக்கெட்டைத் தனியாகவே தின்கிறது. பாக்கெட்டில் இருப்பது இங்கிலீஷ், எனக்குப் படிக்கத் தெரியாது. டாக்டரம்மா காலி உறையின் முன்பக்கத்தை வெட்டிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதாண்ணே, இதுலயும் பூனப் படம் இருக்கு பாருங்க" என்று வேறொன்றை நீட்டினால், வெட்டிய துண்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறேன். ஒரு எழுத்து மாறினாலும் வாங்குவதில்லை. மூன்று இடத்தில் தண்ணீர் வைக்கிறோம், கிடங்கிலும் ஒரு மண் சட்டி. கருவாட்டு டப்பாவைக் கொளஞ்சியே வந்து எடுத்துப் போய்விட்டாள்.

போன வாரம் மூத்திரத்தைச் சோதித்தார்கள். சில்லுகள் மிகவும் குறைந்துவிட்டன. திரும்ப வராது என்று உறுதி சொல்ல முடியாது, மாதா மாதம் காட்ட வேண்டும். "என்ன சாப்டுச்சு?" என்று டாக்டரம்மா கேட்டபோது பெஞ்சு நிறைய ஆள் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், கிடங்கில் ஒரு எலி பிடித்துத் தின்றதையும் சேர்த்து.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கொளஞ்சி வாயைத் திறந்தாள்.

"என் வேண்டுதல் கெட்டுப்போச்சு. மறுபடி மொதல்லேந்து இருக்கணும்."

"ம்" என்றேன்.

"இந்த வாட்டி நான் மட்டும் இருக்க மாட்டேன். வர்ற புரட்டாசிக்கு எல்லாச் சனிக்கெழமையும் நீங்களும் ஒரு பொழுது இருங்க. மூட்ட தைச்சிட்டே இருங்க. கிடங்குல யாராச்சும் டீ குடுத்தா, வேண்டாம்னு ஒங்க வாயால சொல்லுங்க. ஏன்னு கேட்டா, ஏன்னும் சொல்லுங்க."

"இருக்கேன்" என்றேன். "சொல்றேன்."

அவள் வலைச்சாக்கை விலக்கிப் பூனையைப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகை மாதம் ஆறாம் தேதி, சனிக்கிழமை.